இல்லை என்பதற்கு வேறு சொல்

மூடுபனிக் காலத்தில் படகுத்துறைக் குடியிருப்பில் காலை ஒன்பது மணிக்கும் விளக்கு எரியும். எட்டு வீடுகள், ஒரே கூரை, ஒரே குழாய். குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு எதிரே இருக்கிற ஆறு தெரியாது. சத்தம் மட்டும் வரும். லாரிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைப் படகின் இன்ஜின் முதலில் முனகும். கயிற்றுக்காரர் இக்கரையில் கட்டை அவிழ்த்துவிட்டு, "விட்டாச்சு!" என்று கத்திக்கொண்டே படகில் தாவுவார். கால் மணி நேரம் ஒன்றுமிருக்காது. பிறகு அக்கரையிலிருந்து, தண்ணீரின் மேல் ஊர்ந்து வருவதுபோல, "பிடிச்சாச்சு!" என்று கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் படகோட்டும் சரங்கு இன்ஜினை அணைப்பார்.

ஐந்து வாரங்களுக்கு முன்பு ஒரு காலை, "விட்டாச்சு" கேட்டது. "பிடிச்சாச்சு" கேட்கவில்லை.

சரங்கு இறங்கிவந்து பார்த்தபோது படகின் முன்தட்டில் கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. நான்கு நாள் தேடினார்கள். ஆறு கடலில் சேரும் இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கடல் ஓதம் வற்றி இறங்கும்போது தண்ணீர் மரக்கட்டையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

கம்பெனி வேறு மாதிரி சொன்னது. கயிற்றை அவிழ்த்தவர் படகில் ஏறவே இல்லை, கரையிலேயே நின்றுவிட்டார், பனிக்குள் நடந்து எங்கோ போய்விட்டார் என்றது. வேலையை விட்டுப் போனவர் குடும்பத்துக்கு இந்தக் குடியிருப்பில் இடம் கிடையாது. வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு உண்டு. மூன்றாம் வீட்டுக்காரிக்கு இந்த ஒரு அறையும் சமையலறையும் மிஞ்சுமா என்பது, அவள் புருஷன் போனாரா, போய்ச் சேர்ந்தாரா என்பதில் நின்றது.

விசாரணை அதிகாரி அன்று மூன்று மணிக்கு வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தடவை," என்றாள் அவள்.

அறையில் பாதியைத் தார்ப்பாய் அடைத்துக்கொண்டிருந்தது. லாரிகளுக்குப் போர்த்தும் பாய். ஓரம் கிழிந்து, கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள் நான்கு பிய்ந்து வந்திருந்தன. அவள் உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, சாண் நீள ஊசியை அந்தத் தோலால் அழுத்தி உள்ளே தள்ளி, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுப்பாள். நூலுக்கு மெழுகு பூசியிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கிறீச் சத்தம்.

எட்டு வயது மகள் கதவருகே நின்றாள். அப்பா வைத்த பெயர் கிளி. சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வதால் வந்த பெயர்.

"யாரோ கதவைத் தட்டுறாங்க. நீ என்ன செய்வ?"

"கதவை முழுசாத் திறப்பேன். பாதி திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. 'வணக்கம், வாங்க'ன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"வழியில நிக்காம ஒதுங்கி நிப்பேன். அவங்க உட்கார்ந்த பிறகு தண்ணி கொண்டுவருவேன். டம்ளரை வாய்ப்பக்கம் பிடிக்காம அடியில பிடிச்சு ரெண்டு கையாலயும் குடுப்பேன். பிஸ்கட்டைப் பார்க்க மாட்டேன்."

"அப்பா எங்கன்னு கேட்டா?"

"வெளியே போயிருக்காங்க. வந்துடுவாங்க. உட்காருங்க."

ஊசி நின்றது.

"காலையில இருந்து எத்தனை தடவைடி சொல்றது? 'அப்பா இல்லைங்க'. ரெண்டே வார்த்தை."

அதுவரை கிளி சொன்னதெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தவை. படகில் வருகிற பெரிய லாரி முதலாளிகள், கம்பெனி ஆட்கள் சில நேரம் அவரைத் தேடி வீட்டுக்கு வருவதுண்டு. ஒரு தடவை அவள் கதவைப் பாதி திறந்து, "அப்பா இல்ல" என்று சொல்லிச் சாத்திவிட்டாள். சாயங்காலம் அப்பா அவளை மடியில் இருத்திக்கொண்டு சொன்னார்: 'வாசலுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொல்லக் கூடாது கிளி. அரிசி இல்லைன்னாலும் வாங்கணும்னு சொல்லு. அப்பா இல்லைன்னா, வெளியே போயிருக்காங்க, வந்துடுவாங்க, உட்காருங்கன்னு சொல்லு. இல்லைங்கிறது வீட்டுக்குள்ள வர்ற சொல் இல்லை.' மறுநாள் அவரே வெளியே போய்த் தட்டினார். அவர் எப்போதும் தட்டுகிறபடியே, டொக் டொக் என்று இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அவள் திறந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டி, "அப்படியா பாப்பா? எப்ப வருவாரு உங்கப்பா? ரொம்ப நல்லவராமே?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"குழந்தையைப் போட்டு ஏன் வதைக்கிற?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கயிற்றுக்காரரின் அக்கா. தம்பி காணாமல் போன மூன்றாம் நாள் ஒரு பையோடு வந்தவள், இன்னும் ஊர் திரும்பவில்லை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அது சரியாத்தான் சொல்லுது. உடம்பைக் கண்ணால பார்த்தோமா? பார்க்காத வரைக்கும் என் தம்பி இருக்கான்."

"இருக்கட்டும் அண்ணி. நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆனா அவங்க முன்னாடி இருக்கக் கூடாது."

"இதென்ன பேச்சு? அவங்க முன்னாடி செத்து, நம்ம முன்னாடி உயிரோட இருக்கிறதுக்கு அவன் என்ன கூத்தாடியா?"

"அன்னைக்கு வந்தாரே கம்பெனி கிளார்க்கு, மறந்துட்டீங்களா? நான் துறையில, கயித்துக் கொட்டகையில இருந்தேன். நீங்க குழாயடியில இருந்தீங்க. இவதான் கதவைத் திறந்தா. 'அப்பா இருக்காரா'ன்னு கேட்டதுக்கு, வெளியே போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொன்னா. அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. 'வந்துடுவார்'னு வீட்ல சொல்றாங்க, அப்ப ஆளு எங்கேயோ இருக்கான்னு கேஸையே அதுமேலதான் கட்டி வச்சிருக்காங்க. அதனாலதான் அந்த அதிகாரி அம்மா குழந்தையைப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க."

நாத்தனார் முறத்தை ஒருமுறை உலுக்கினாள். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"சரி வா," என்று அம்மா தோல்பட்டையைக் கழற்றினாள். "நான் வெளியே போய்த் தட்டுறேன். நான்தான் அதிகாரி. சிரிக்கக் கூடாது."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பனி இன்னும் விலகவில்லை. கொடியில் போட்டிருந்த துணிகள், தூக்கிலிட்ட ஆட்கள் மாதிரி தொங்கின. அவள் கையை மடக்கித் தட்டினாள். யோசித்துத் தட்டவில்லை. கை தானாகச் செய்தது: இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

உள்ளே முறம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது கிளி இல்லை. நாத்தனார். தலைமுடி கலைந்து, வாய் திறந்து, அவள் முகத்தில் ஐந்து வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. எதிரே தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் அது அணைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரிசி அறை முழுக்க ஓடிக் கிடந்தது. "அப்படித் தட்டாதே," என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனார் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு பாடம் நடக்கவில்லை.

மதியம் சரங்கு வந்தார். வீட்டிலிருந்து மூன்று நல்ல பீங்கான் கோப்பைகளைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பெரிய உடம்பு. இன்ஜின் அறையில் முப்பது வருடம் நின்றதால் எங்கே பேசினாலும் கத்தித்தான் பேசுவார். இந்த வீட்டில் மட்டும் இப்போது மெல்லப் பேசப் பழகியிருந்தார்.

"ரெண்டு கோப்பைக்குத்தான் காது இருக்கு தங்கச்சி. காது இல்லாததை அந்த மேனேஜருக்குக் குடு. சுடட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"புதுசா ஒரு பயலைப் போட்டிருக்காங்க," என்றார் சரங்கு. "கயிறைப் பிடிச்சுட்டுச் சத்தமே போட மாட்டேங்குறான். நான் இன்ஜினை அணைக்காம நிக்கிறேன். 'என்ன சரங்கு, கரை வந்து எவ்வளவு நேரமாச்சு'ன்னு லாரிக்காரன் திட்டுறான். எனக்குக் காது அதுக்கே பழகிப்போச்சு. அந்தச் சத்தம் வராம கரைன்னு தெரிய மாட்டேங்குது."

எழுந்தவர் வாசலில் நின்றார். நிலைப்படிக்கு வெளியே ஒரு ஜோடி ஆண் செருப்பு, துடைத்து, நுனி தெருவைப் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. இடது குதிகால் தேய்ந்த பழுப்புத் தோல் செருப்பு. கயிற்றுக் கொட்டகையில் கிடந்ததை மூன்றாம் நாள் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்ற எண்ணத்தில் கொண்டுவந்தார், வேறெதுவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து நாத்தனார் தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள். வாசலில் ஆண் செருப்பு இருக்கிற வீட்டைப் பார்த்துவிட்டு எமனும் தாண்டிப் போய்விடுவான் என்பது அவள் கணக்கு.

"இதை இன்னைக்கு மட்டும் உள்ள எடுத்து வைக்கலாமே," என்றார் சரங்கு.

"தொட்டா அண்ணி கையை முறிச்சுடுவாங்க."

மூன்று மணிக்கு அவர்கள் வந்தபோது பனி விலகி, வெளுத்த வெயில் அடித்தது. ஆறு எதுவும் தெரியாததுபோல் கிடந்தது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. பருத்திச் சேலை, கனமான கண்ணாடி, முழங்கால் வலிக்காரர் என்று நடையிலேயே தெரிந்தது. பின்னால் மேனேஜர். அவருக்குப் பின்னால், கக்கத்தில் பதிவேடுகளோடு அந்தக் கிளார்க்.

கிளி கதவை முழுசாகத் திறந்தாள். "வணக்கம். வாங்க," என்றாள். ஒதுங்கி நின்றாள். அதிகாரி வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அது கயிற்றுக்காரரின் நாற்காலி. அவர் நனைந்து வந்து உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கைப் பலகை வெளிறியிருந்தது. மற்ற இருவருக்கும் மடித்து வைத்த தார்ப்பாயே மேடையானது. கிளி தண்ணீர் கொண்டுவந்தாள். அடியில் பிடித்து, இரண்டு கையாலும். பிஸ்கட் தட்டின் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

"நல்லா வளர்த்திருக்கீங்க," என்றார் அதிகாரி.

"குழந்தைங்க பொய் சொல்லாதுங்க மேடம்," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். தேநீர் சுட, காதில்லாத கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். "பாப்பா, அப்பா எங்கம்மா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடு அசைந்தது. கிளி வாயைத் திறந்தாள். 'அப்பா' என்பது வந்தது. அடுத்தது வரவில்லை. அவள் கண் நிலைப்படிக்கு வெளியே, வெயிலில் கிடந்த செருப்புக்குப் போயிற்று.

"அப்பா... வெளியே போயிருக்காங்க. வந்துடுவாங்க. உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கோம்," என்று மேனேஜர் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்? நான் சொன்னேனே."

சமையலறை இருட்டில் நாத்தனாரின் வளையல் ஒருமுறை குலுங்கி நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். "இங்க வா பாப்பா. இப்படிச் சொல்லணும்னு யார் சொன்னாங்க?"

"அப்பா."

"அம்மா என்ன சொல்லச் சொன்னாங்க?"

"அப்பா இல்லைங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

"பார்த்தீங்களா, சொல்லிக் குடுத்து..." என்று தொடங்கிய மேனேஜரை அவர் கையமர்த்தினார்.

"நீ ஏன் அதைச் சொல்லலை?"

"பெரியவங்க வந்தா இல்லைன்னு சொல்லக் கூடாது. மரியாதை இல்லை." கிளியின் குரல் தேய்ந்தது. "அம்மாவும் சொன்னாங்க. அப்பாவும் சொன்னாங்க. எதைச் சொல்றதுன்னு தெரியலை."

"தப்பில்லை. வாசல்ல இருக்கிற செருப்பு யாரோடது?"

"அப்பாவோடது."

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "வீட்லதான் இருக்கு செருப்பு! ஆளு வந்துபோறான் மேடம், இதுக்கு மேல என்ன வேணும்?"

"இல்லை," என்றாள் கிளி.

அந்தச் சொல்லை அவள் தெரிந்து சொல்லவில்லை. மரியாதையெல்லாம் மறந்துபோன அவசரத்தில் வந்தது. "அது கொட்டகையில இருந்துச்சு. சரங்கு மாமா கொண்டுவந்துட்டாங்க. அப்பா காலையில செருப்பைக் கொட்டகையில விட்டுட்டு, கம்பெனி பூட்ஸ் போட்டுப்பாங்க. ரப்பர் பூட்ஸ், சுண்டுவிரல்ல கடிக்கும். இந்தக் கரைக்கு வந்து இறங்கின உடனே முதல்ல அதைத்தான் கழட்டுவாங்க. செருப்பு போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க." மூச்சு வாங்கினாள். "இப்ப செருப்பு இங்க இருக்கு. அங்க போட்டுக்க ஒண்ணும் இல்லை. அதான் வர முடியலை. நான் அத்தைகிட்ட சொன்னேன், கொட்டகையில கொண்டுபோய் வைக்கலாம்னு. அத்தை விட மாட்டேங்குறாங்க."

ஆற்றில் ஒரு படகு ஊதியது.

அதிகாரி கிளார்க்கின் பக்கம் திரும்பினார். "பூட்ஸுக்கு நம்பர் உண்டா?"

கிளார்க் மேனேஜரைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். "உண்டுங்க. அவருக்குப் பதினாலு."

"திரும்பி வந்துச்சா?"

கிளார்க் பக்கங்களைப் புரட்டினார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். "வரலைங்க."

"பூட்ஸோடவே ஓடிப் போயிருக்கலாமே மேடம்."

"ஓடிப்போறவன், கடிக்கிற பூட்ஸை மாட்டிக்கிட்டு, பத்தடி தள்ளி இருக்கிற தன் சொந்தச் செருப்பை விட்டுட்டு ஓடுவானா சார்? நீங்க ஓடுவீங்களா?"

மேனேஜர் ஆறிய தேநீரைக் குடித்தார்.

அதிகாரி எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, "இப்ப நீங்க சொல்லணும்மா," என்றார். "உங்க வீட்டுக்காரரைப் பத்தி நீங்க என்ன நம்புறீங்களோ அதை."

அவள் தலையசைத்தாள்.

"வாயால சொல்லணும்."

"அவர் இல்லைங்க."

"இல்லைன்னா எப்படிங்க?" மேனேஜர் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். "வீட்ல இல்லையா, ஊர்ல இல்லையா, உலகத்துலயே இல்லையா? எதுன்னு எழுதுறது?"

அவள் மகளைப் பார்த்தாள். காலையிலிருந்து குழந்தையிடம் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு வார்த்தையும் போதவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. சமையலறைப் பக்கம் அவள் திரும்பவில்லை.

"செத்துட்டார்," என்றாள். "தண்ணியில விழுந்து செத்துட்டார்."

உள்ளே ஏதோ பாத்திரத்தை யாரோ மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

சாட்சிப் பொருள் என்று செருப்பைக் கிளார்க் செய்தித்தாளில் சுற்றப்போனபோதுதான் நாத்தனார் வெளியே வந்தாள். குனிந்து ஒன்றை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "ஒண்ணு இருக்கட்டும்," என்றாள். "நான் அழுக்காகாமப் பார்த்துக்கிறேன்."

"ஜோடியாத்தான் வேணும்மா," என்றார் அதிகாரி. அதட்டவில்லை, கையும் நீட்டவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் நாத்தனார் தன் முந்தானையால் அதை ஒருமுறை துடைத்துக் கொடுத்தாள். கிளார்க் ஒரு சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்: 'ஆண் செருப்பு, பழுப்பு, தோல், பழையது, ஒரு ஜோடி.'

"போய்ட்டு வாங்க," என்றாள் கிளி. அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை கதவைச் சாத்தவில்லை. அதுவும் அப்பா சொல்லிக் கொடுத்ததுதான்.

கடிதம் வர ஒரு மாதம் ஆயிற்று. 'பணியின்போது நீரில் விழுந்து இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று எழுதியிருந்தது. வீடு அவர்களுக்கே. சரங்கு வாசித்துக் காட்டினார். நாத்தனார் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"கருதப்படுறார்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாக்கா."

"இறந்துட்டார்னு போடலையே?"

சரங்கு கடிதத்தைப் பார்த்தார். "போடலை," என்றார்.

"அப்ப சரி," என்று அவள் அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது செருப்பு இருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை. ஒரு புதிய லாரிக்காரர் தார்ப்பாய் கொண்டுவந்தார். பெரிய கிழிசல். துறையில் விசாரித்து, மூன்றாம் வீடு என்று தெரிந்து வந்திருந்தார். அவள் உள்ளே, முதுகு காட்டி உட்கார்ந்து, ஊசியைத் தோலால் அழுத்திக்கொண்டிருந்தாள். பனிக்குள் சற்று முன்புதான் "விட்டாச்சு" கேட்டிருந்தது. புதுப் பையன் இப்போது கத்தக் கற்றுக்கொண்டுவிட்டான்.

கதவைத் தட்டும் சத்தம். கிளி போய் முழுசாகத் திறந்தாள்.

"வணக்கம். வாங்க."

"அப்பா இருக்காராம்மா? பாயை இறக்க ஒரு கை பிடிக்கணும்."

"அப்பா இல்லைங்க," என்றாள் கிளி. திணறாமல், தலை நிமிர்ந்து, அம்மா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்.

உள்ளே ஊசியின் கிறீச் நின்றது. அக்கரையிலிருந்து அந்த இன்னொரு சத்தம் இன்னும் வரவில்லை.

"வெளியே போயிருக்காருங்க," என்றாள் அம்மா, திரும்பாமல். "வந்துடுவாரு. உட்காருங்க."

கிளி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி, வந்தவருக்கு வழி விட்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.